ஒரு சொட்டு

ஜூன் 8, 2025, ஞாயிறு

மேலூர் வந்து இரண்டு நாளாகிறது. அடுக்களை நிலைப்படியில் அம்மாவுக்கு இன்றும் கால் இடறிவிட்டது. ஐம்பது வருடமாகத் தாண்டிப் பழகிய படி. "வயது எழுபத்தொன்று ஆகிறதே, அம்மாடி" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். போன கார்த்திகையில் கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிக்கொடுத்தேன். எழுத்து பளிச்சென்று தெரிகிறது என்றாள். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

மத்தியானம் சாப்பிடும்போதுதான் கவனித்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்திலேயே இருக்கும் தண்ணீர்ச் செம்பு கண்ணில் படவில்லை. கையால் தரையைத் தடவித்தான் எடுக்கிறாள். தடவுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. புரையாகத்தான் இருக்கும், உரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு போனேன். புரை கொஞ்சம்தான். கண் அழுத்தம் வலதில் 32, இடதில் 28. பொதுவாக 10 முதல் 21க்குள் இருக்க வேண்டுமாம். கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய்.

பார்வைப் பரப்புச் சோதனையில் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே வந்த அம்மா, "பாதி நேரம் விளக்கே போடவில்லையே" என்றாள். கையில் வாங்கிய தாளில் கீழ்ப்பக்கம் கரியால் அப்பியதுபோல் கறுத்துக் கிடந்தது. நிலைப்படியும் செம்பும் அந்தக் கறுப்புக்குள்தான் இருந்திருக்கின்றன.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். புரை என்பது லென்ஸ் மங்குவது. மாற்றினால் பார்வை திரும்பும். கிளாக்கோமா கண் நரம்பைத் தின்பது. போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். வலி இருக்காது. நடுப்பார்வை பெரும்பாலும் கடைசியில்தான் போகும். அதனால்தான் அம்மாவால் எழுத்தைப் படிக்க முடிந்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

தூக்கம் வரவில்லை. கார்த்திகையிலேயே கூட்டிப்போயிருக்கலாம். ஏழு மாதம்.

ஜூன் 19, வியாழன்

மருந்து போடுவது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. அம்மாவின் விரல்கள் முடக்குவாதத்தில் கோணியவை. குப்பியை அழுத்தினால் ஒன்று வராது, வந்தால் மூன்று. நேற்று ராத்திரி பக்கத்தில் நின்று பார்த்தேன். சொட்டு இமைக்கு வெளியே விழுந்து, கன்னத்துச் சுருக்கத்தில் இறங்கிக் காதோரம் போனது. "விழுந்துவிட்டது" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நிம்மதியாகத்தான் சொன்னாள். ஒரு வாரமாக எத்தனை சொட்டு இப்படிக் காதோரம் போயிற்றோ.

இன்று கட்டிலில் படுக்க வைத்து, கீழிமையை இழுத்துப் பிடித்து நானே போட்டேன். ஒரே சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே தங்கும். குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தது நல்ல பலன் தந்தது. "ஜில்லென்று இருக்கிறது, இப்போதுதான் உண்மையாக விழுந்தது" என்றாள்.

அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வெங்கடசாமியைப் பற்றிச் சொன்னேன். 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கியவர். அவருக்கும் இதே முடக்குவாதம். கோணிப்போன விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தவர். அம்மா தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலைச் சொட்டைத் தானே போடுவதாகக் குப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நாலு தடவையில் ஒரு தடவை சரியாக விழுகிறது. ராத்திரிச் சொட்டு மட்டும் என் பொறுப்பு.

ஜூலை 5, சனி

அம்மாவுக்கு அழுத்தம் 18, 17. கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. இனிப் பரவாமல் இருந்தால் போதும். நிலைப்படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் பட்டையாக அடித்துவிட்டேன்.

பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நான் பார்த்துவிட்டேன்; நரம்பு நன்றாக இருக்கிறது, வருடம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். திருப்பூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன். "எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது" என்றான். அம்மாவும் அதையேதான் சொன்னாள் என்று அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பினேன். புதன்கிழமை பஸ் ஏறுகிறானாம்.