அப்புச்சியின் ரம்பத்துக்கு வாகைப் பிடி

அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டு அட்டாலியில் சணல் சாக்கில் சுற்றிக் கிடந்த ரம்பம் இது. 26 அங்குல நீளம். தகடு முழுக்கச் செந்துரு, பிடியில் பாதி உளுத்து மாவாய்க் கொட்டுகிறது. பழைய இரும்புக்காரர் வந்தால் போடலாம் என்று அம்மிச்சி கீழே எடுத்து வைத்திருந்தார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்ததில் இரண்டரை மாதம் ஆகிவிட்டது.

முதல் நாள் பிடியைக் கழற்றவே சரியாகப் போனது. பித்தளைத் திருகு நான்கு. மரையின் தலையில் குறுக்கே ஒரு வெட்டு, அதன் நடுவில் ஆணியின் முனை எட்டிப் பார்க்கிறது. சாதாரண ஸ்க்ரூடிரைவர் வைத்தால் நடுவில் இடித்து வழுக்கும். பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் வாயில், நடுவே அரத்தால் ஒரு பள்ளம் எடுத்த பிறகுதான் மூன்று திருகு அசைந்தது. நான்காவது கையோடு முறிந்து வந்துவிட்டது. ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். இப்போதைய மில்லிமீட்டர் மரை எதுவும் அதற்குச் சேரவில்லை. அதனால் ஆணி, மரை இரண்டையும் ஜோடியாகப் பித்தளையில் புதிதாகக் கடைந்து கொடுத்தார்கள். பழைய மூன்றையும் புளி போட்டுத் தேய்த்தேன், குத்துவிளக்கு மாதிரி ஆகிவிட்டது.

தகட்டுக்கும் புளியா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். புளிக்கரைசலிலோ வினிகரிலோ ஊறவைத்தால் துரு போவது உண்மைதான். ஆனால் தகட்டில் அந்தக் காலத்துக் கம்பெனி எழுத்து மெல்லிசாகப் பொறித்திருந்தால், அமிலம் அதையும் மங்கடித்துவிடும். அதனால் டீசலைத் தடவி, தட்டையான மரக்கட்டையில் எமரித் தாளைச் சுற்றி, நீளவாக்கில் மட்டும் தேய்த்தேன். முதலில் கரடான 120 நம்பர் தாள், அடுத்து 220. எழுத்து இருக்கக்கூடிய நடுப்பகுதிக்கு வந்ததும் நைசான 400-க்கு மாறி, கையை லேசாக்கிக்கொண்டேன். கறுப்புச் சேறு வழிய வழியத் துடைத்தேன். மூன்றாம் ஞாயிறு மதியம் இரண்டு எழுத்து தெரிந்தது, அப்புறம் ஒரு வரி. கம்பெனிப் பெயர் இருந்த இடம் துருவில் அரித்துப் போயிருந்தது. 'காஸ்ட் ஸ்டீல்', 'ஷெஃபீல்டு' என்ற இரண்டு மட்டும் படிக்க முடிந்தது.

அந்த இரண்டு சொல்லைப் பார்த்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இரும்பை மூசையில், அதாவது சூளையில் வைக்கும் மண்குடுவையில், உருக்கி எடுக்கும் எஃகுக்குத்தான் 'காஸ்ட் ஸ்டீல்' என்று பெயர். 1740-களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் அந்த முறையைக் கொண்டுவந்த பிறகு, நல்ல ரம்பம், உளி எல்லாவற்றிலும் அதைப் பெருமையாகப் பொறிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரிலிருந்து வண்டியில் அரை மணி நேரம் போனால் நொய்யல் கரையில் கொடுமணல். அங்கே நடந்த அகழாய்வில் இரும்பு உலைகளும், மூசை வைத்து எஃகு உருக்கிய தடயங்களும் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின வேலை அது. கப்பலேறி வந்த இந்தத் தகடு கடைசியில் கொடுமணலுக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனிப் பிடி. காங்கேயத்தில் மாமாவின் எண்ணெய் ஆலையில் வெடித்துப்போன பழைய செக்கு உரல் ஒன்று மூலையில் கிடந்தது. நல்ல வாகை. அதில் ஒரு துண்டு கேட்டதும், "விறகுக்குப் போறதுதான கண்ணு, எடுத்துக்கோ" என்று மர மில்லிலேயே ஏழு நூல் கனத்துக்கு அறுத்துக் கொடுத்தார். சாக்லேட் நிறம், வருஷக் கணக்கில் எண்ணெய் குடித்த மரம். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முகக்கவசம் இல்லாமல் இந்த மரத்தைத் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கால் உப்புத்தாளும் ஐந்து நிமிஷத்தில் அடைத்துக்கொள்ளும்.

முதல் பிடி வீணாயிற்று. இரண்டு தப்பு செய்தேன். பழைய பிடியின் மிச்சத்தைத் தாளில் வரைந்து பார்த்தபோது, கை நுழையும் துவாரம் சின்னதாகத் தெரிந்தது. என் நான்கு விரல் அதில் அடங்கவில்லை. உளுத்ததில் அளவு மாறியிருக்கும் என்று நானாகவே அரை அங்குலம் கூட்டிவிட்டேன். இரண்டாவது, மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல், பலகையில் எங்கே கொள்ளுமோ அங்கே தாளை ஒட்டி வெட்டினேன். பிடியின் மேல்முனையில் நீட்டி நிற்கும் கொம்பை அரைவட்ட அரத்தால் உருட்டிக்கொண்டிருந்தபோது, பிஸ்கட் மாதிரி 'டக்'கென்று கொம்பு கையில் வந்துவிட்டது. நார் அந்த இடத்தில் குறுக்கே ஓடியிருந்தது.

உடைந்ததை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடியில் இருக்கும் ஆசாரியிடம் போனேன். அவர் பிடியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"நாலு வெரலும் உள்ள போகோணும்னு யார் சொன்னது அம்மிணி? மூணுதான் போகோணும். ஆள்காட்டி வெரல் வெளிய, தகடு போற பக்கமா நீட்டி இருக்கோணும். அதுதான் வழி காட்டும்."

தன் ரம்பத்தைக் கையில் கொடுத்தார். விரலை நீட்டிப் பிடித்ததும் தோளிலிருந்து ரம்பத்தின் முனை வரைக்கும் ஒரே கோடு. நான்கு விரலையும் மடக்கினால் மணிக்கட்டு ஆடுகிறது. வீட்டுக்கு வந்து பழைய பிடியை மறுபடி எடுத்தேன். அதன் கன்னத்தில், உளுக்காத பக்கத்தில், விரல் அகலத்துக்கு மழமழவென்று ஒரு பள்ளம். அப்புச்சியின் ஆள்காட்டி விரல் தேய்த்த இடம். அத்தனை நாளும் அதை ஏதோ காயம் என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாவது பிடிக்குப் பழைய அளவில் ஒரு நூல்கூட மாற்றவில்லை. தாளைச் சாய்த்து வைத்து, ஒடுங்கிய கழுத்துப் பகுதி நார் ஓட்டத்தோடு போகுமாறு வரைந்தேன். கொம்பு நுனியில் நார் கொஞ்சம் குறுக்கே வரும், அதைத் தவிர்க்க முடியாது. அங்கே மட்டும் சற்றுக் கனமாக விட்டிருக்கிறேன். தகடு நுழையும் வெட்டைக் கட்டை சதுரமாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். உருட்டிய பிறகு மூலை மட்டம் வைக்க இடம் இருக்காது. துவாரத்தின் வளைவுகளுக்கு ஓர் அங்குல ட்ரில், மீதிக்கு ஜிக்சா, அப்புறம் எல்லாம் அரம்தான். மேல்பூச்சு எதுவும் அடிக்கவில்லை. துணியால் அழுத்தித் தேய்த்ததிலேயே மினுக்கு வந்துவிட்டது. அம்மிச்சி வாங்கி மோந்து பார்த்து, "எள்ளுப் புண்ணாக்கு வாசமடிக்குது" என்றார்.

பல் தீட்டும் வேலை ஆசாரியின் திண்ணையில் நடந்தது. அங்குலத்துக்கு ஏழு பல், மொத்தம் 180 பல்லுக்கு மேல். முதலில் தட்டை அரத்தைப் பல் நுனிகளின் மேல் நீளவாக்கில் ஓட்டி, எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்த பிறகுதான் முக்கோண அரம். பிறகு, வெட்டு விட்ட சின்னத் தகடு ஒன்றால் பல்லின் மேல்பாதியை மட்டும் ஒன்று இடம், ஒன்று வலம் என்று சாய்த்துக்கொண்டே போனார். பாதிக்கு மேல் என்னைச் செய்யச் சொன்னார். முடிந்ததும் அவர் மனைவியிடம் தையல் ஊசி ஒன்று கேட்டு வாங்கி, பல் வரிசையின் நடுவில் கிடத்தி, ரம்பத்தைச் சாய்த்தார். பிடிப் பக்கமிருந்து முனை வரைக்கும் ஊசி வாய்க்காலில் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. நான் சாய்த்த பகுதியில் மட்டும் இரண்டு இடத்தில் தடுக்கியது. அந்தப் பற்களைத் திருத்தினோம்.

போன ஞாயிறு வேப்பம்பலகை ஒன்றில் கோடு போட்டு அறுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இறங்கியது, ஆனால் ஒரு சாண் போவதற்குள் கோட்டை விட்டு இடப்பக்கம் நகர்ந்தது. அந்தப் பக்கத்துப் பற்கள் அதிகமாகச் சாய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். எண்ணெய்க் கல்லை அந்தப் பக்கம் பல்லோடு ஒட்டி ஒரே ஒரு தடவை மெதுவாக இழுத்தேன், மறுபடி அறுத்தேன். இன்னும் கொஞ்சம் நகர்வது தெரிந்தது. இன்னொரு இழுப்பு. மூன்றாவது முறை பென்சில் கோட்டில் பாதியை விட்டுவிட்டு, மீதிப் பாதியைத் தின்றுகொண்டே கடைசி வரைக்கும் போனது.