4118-ஆவது மீற்றர்

ஜனவரி 27

நோர்வேயில் கடலுக்குக் கீழே தோண்டும் எங்கள் சுரங்கத்தின் முகப்பில் 25 நிமிடம் கிடைத்தது. வெடி வைத்து, புகை போய், கல் அள்ளி, தளர்ந்ததைத் தட்டி விழுத்திய பிறகு கொங்கிரீட் தெளிக்கும் வண்டி வரும்வரை உள்ள நேரம்தான் என்னுடையது. அதற்குள் பார்த்து, வரைந்து, பாறையின் தரத்துக்கு எண் போட வேண்டும். பிறகு அந்தக் கல்லை யாரும் பார்க்கப் போவதில்லை. ஃபிலைட் என்ற தகட்டுப் பாறை, மடிப்பு மடிப்பாக. ஈரம் இல்லை. கூரையிலிருந்து இடது சுவருக்கு ஒரு களிமண் கோடு. சுவரில் ஒரு மில்லிமீற்றர் இருந்தது. தாங்கு வைக்காத கூரைக்குக் கீழே போகக்கூடாது, அதனால் மேலே டோர்ச் அடித்துத்தான் பார்த்தேன். வெறும் பூச்சு என்று எழுதி 4 போட்டேன்.

ஜனவரி 28

காற்று. படகு ஓடவில்லை.

ஜனவரி 30

அந்த 4 தூங்க விடவில்லை. விரலில் தேய்த்தபோது சவர்க்காரம் போல வழுக்கியது. ஏன் அதை எழுதவில்லை? பாறையின் தரத்தைக் கணக்கிட 1974-இல் நிக் பார்ட்டனும் கூட இருந்தவர்களும் தந்த க்யூ முறையில் ஆறு எண்கள். பிளவுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு ஒன்று. மென்மையான களிப் பூச்சென்றால் 4. தண்ணீர் பட்டு ஊதும் களிமண் அடைத்திருந்தால் 8 முதல் 12. அந்த எண் வகுக்கும் இடத்தில் நிற்கிறது. 4 என்பது 12 ஆனால் பாறையின் தரம் மூன்றில் ஒன்றாகிவிடும், வைக்க வேண்டிய போல்ட்டும் கொங்கிரீட்டும் மாறும். கூரையில் அது எத்தனை மில்லிமீற்றர்?

பெப்ரவரி 1

அப்பா போன் எடுத்தார். எப்போதும் கேட்கிற அதே கேள்வி: "உள்ளுக்கு வாற தண்ணி சவரோ பிள்ளை, நல்ல தண்ணியோ?" யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் கிணறு வைத்திருப்பவருக்கு வேறென்ன கேள்வி வரும்? அங்கே நல்ல தண்ணி உப்புத் தண்ணியின் மேல் மிதக்கிறது, அதிகம் இறைத்தால் சவர் ஏறிவிடும். எப்போது முடியும் என்றும் கேட்டார். 2033 என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பெப்ரவரி 2

சவர், அப்பா.

முன்னோக்கிப் போட்ட நான்கு சோதனைத் துளைகளில் மூன்று காய்ந்தவை. நான்காவதில் நிமிடத்துக்கு 22 லீற்றர். நாக்கில் வைத்ததுமே தெரிந்தது, கருவி பிறகு சொன்னது. மேலே போக்ன ஃபியோர்ட், நிலத்துக்குள் நீண்ட கடல், இந்த இடத்தில் 29 பார் அழுத்தம். முகப்பைச் சுற்றி வட்டமாகத் துளை போட்டு சீமெந்துக் குழம்பு ஏற்றத் தொடங்கினார்கள்.

பெப்ரவரி 3

பாறை இன்னும் குழம்பைக் குடிக்கிறது.

பெப்ரவரி 4

இன்னும் ஏற்றுகிறார்கள். ஒஸ்லோஃபியோர்ட் சுரங்கத்தைப் பற்றியே யோசிக்கிறேன். அங்கே கடலடியில் ஒரு பலவீன வலயம் இருப்பது முன்பே தெரியும். ஆனால் பாறை இருக்கும் என்று நினைத்த உயரத்தில் பாறையே இல்லை. பனியாறு அரித்த பள்ளம், அது நிறைய மணலும் களியும் கற்களும், அதற்கு மேல் கடல். முன்னோக்கிப் போட்ட துளைகள்தான் காட்டிக் கொடுத்தன. அந்த மண்ணை உறைய வைத்து, பனிக்கட்டிக்குள்ளால் தோண்டினார்கள். 2000-இல் திறந்தது, வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒலி அலை அனுப்பிப் பார்த்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது படம்தான். துளை போட்டால்தான் கல். எங்கள் சுரங்கத்தின் 26.7 கிலோமீற்றருக்கும் இப்படியே, ஒவ்வொரு முறையும், அலுப்பில்லாமல் போட வேண்டும். துளை போடும் நேரத்தை வீண் என்று இனி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பெப்ரவரி 6

மறுபடி போட்ட துளையில் ஒரு லீற்றர்கூட இல்லை! கன்டீனில் மீன் சூப். இரண்டு தரம் வாங்கினேன்.

பெப்ரவரி 7

சந்தோஷம் ஒரு நாள்தான். 27-ஆம் திகதி களியில் கொஞ்சம் பையில் போட்டு வைத்திருந்தேன். இன்று ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். அன்றைக்கே அனுப்பியிருக்கலாம்.

பெப்ரவரி 9

ஹானெக்லைவ். 2006 டிசம்பர் 25. அது நிலத்துச் சுரங்கம், கடலடி இல்லை. திறந்து பல ஆண்டுகள் வாகனம் ஓடிய பிறகு கூரை விழுந்தது. ஊதும் களிமண் இருந்த பலவீன வலயம், போதாத தாங்கு. விழுந்தபோது கீழே யாரும் இல்லை. தோண்டிய அன்றைக்கு அதுவும் அசையாமல் நின்ற பாறைதானே.

பெப்ரவரி 10

ஒன்றும் வரவில்லை.

பெப்ரவரி 11

ஷிஃப்ட் முடிந்து 4118-க்கு நடந்து போனேன். தெளித்த கொங்கிரீட் சாம்பல் நிறத்தில் எல்லா இடமும் ஒன்று போல. சுத்தியலால் தட்டினேன், கெட்டிச் சத்தம். வெடிப்பும் இல்லை. அரை மணி நேரம் நின்றேன்.

பெப்ரவரி 12

ஊதுகிறது. 10 மில்லிலீற்றர் உலர்ந்த தூள் தண்ணீரில் 17 ஆனது.

மேற்பார்வையாளரிடம் போய், நான் போட்ட எண் பிழை என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அவர் வரைபடத்தை வாங்கி, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் கேட்டார். நாளை இரவு அந்த இடத்துக்குக் கம்பி வைத்த வளைவுகளும் நீள போல்ட்டுகளும்.

பெப்ரவரி 14

மூன்று வளைவுகள் நிற்கின்றன. அப்பாவுக்குச் சொன்னேன். "அப்ப சரி பிள்ளை" என்றார்.

பெப்ரவரி 15

4163. 20 நிமிடம். ஒரு களிக் கோடு, வலது பக்கம். தூக்கும் கூடை கேட்டேன்.