கோரோக்காவில் கடைசி ஞாயிறு

பப்புவா நியூகினி மலைநாட்டில் எங்களுக்கு 11 வருஷம். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, விடியும் முன்பே குழி வெட்டி, கல்லைப் பழுக்கக் காயவைத்து, வாழையிலைக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பன்றிக்கறியும் அடுக்கி மூடிவிட்டார்கள். 'முமு' என்பார்கள். வேக மத்தியானம் ஆகும்.

என் கணவர் பிரசங்கத்துக்கு பைபிளில் அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தை எடுத்தார், பவுல் எபேசு சபை மூப்பர்களிடம் விடைபெறும் இடம். வேண்டாம் என்று முன்னாலேயே சொன்னேன், கேட்டால்தானே. 37-ஆம் வசனத்தில் எல்லாரும் அழுகிறார்கள். இவருக்கும் அங்கேயே குரல் நின்றுவிட்டது.

அப்புறம் பெண்கள் ஒவ்வொருவராக என் கழுத்தில் பிலும் மாட்டினார்கள். கையாலேயே பின்னிய நூல்பை. ஒன்று முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஒன்பது சேர்ந்தது. ஒன்றுக்குள் மண் ஒட்டிய கிழங்கு நாலு. விமானத்தில் விடமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'சோரி, சோரி' என்று கட்டிக்கொண்டார்கள். அங்கே பேசும் பொதுமொழியான டோக் பிசினில் அது மன்னிப்பு மட்டுமல்ல, பாசமும்தான்.