சிசிபி கேட்டேன், சிஆர்பி எடுத்தார்கள்

காலையில் எழுந்தால் விரல் மடங்காது. குக்கர் மூடியைத் திறக்க மகனைக் கூப்பிட வேண்டும். பத்து மணிக்கு மேல்தான் கை கொஞ்சம் இளகும். சிக்குன்குனியா வந்து போனவள் என்பதால், அதன் மிச்சம் என்றே ஆறு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

குடும்ப டாக்டர், முடக்குவாதம் இருக்கிறதா என்று பார்க்க ஆர்ஏ ஃபேக்டர் என்ற ரத்தச் சோதனை எடுத்தார். நெகட்டிவ். "வாதம் இல்லம்மா, கால்சியம் போடுங்க" என்று அனுப்பிவிட்டார். அதில் இன்னும் இரண்டு மாதம் போனது. பிறகு பார்த்த மூட்டுவாத நிபுணர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நோய் இருந்தும் அந்தச் சோதனை நெகட்டிவாக வரலாம். நோயே இல்லாத வயதானவர்களுக்குப் பாசிட்டிவாகவும் வரலாமாம். ஆன்டி சிசிபி என்ற இன்னொரு ரத்தச் சோதனை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றும் சொன்னார்.

லேபில் 450 ரூபாய்தான் வாங்கினார்கள். மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அங்கேதான் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் காத்திருந்து டோக்கன் வாங்கி, இரண்டு பஸ் மாறிப் போனால், டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டுகிறார்: "இது சிஆர்பி. காய்ச்சல் வந்தாலே இது ஏறும். நான் கேட்டது சிசிபி."

லேபில் போய்க் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்" என்றார் கவுன்டரில் இருந்தவர். எனக்கு வந்த கோபத்தில் டாக்டர் சொன்ன பாடத்தை அங்கேயே ஒப்பித்துவிட்டேன். உடம்பின் புரதங்களில் ஆர்ஜினின் என்று ஓர் அமினோ அமிலம் உண்டு. பேட் என்ற நொதி அதைச் சிட்ருலினாக மாற்றும். அழற்சி வந்த இடத்தில் யாருக்கும் நடப்பதுதான். சிலருக்கு மட்டும், அப்படி மாறிய சொந்தப் புரதத்தையே அந்நியன் என்று நினைத்து உடம்பு ஆன்டிபாடி தயாரித்துவிடும். அந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சிசிபி. அழற்சி எவ்வளவு என்று மட்டும் சொல்வது சிஆர்பி. அவர் அரண்டு போய் மேலாளரைக் கூப்பிட்டார். 450 ரூபாயைக் கழித்துக்கொண்டு சரியான சோதனையை எடுத்தார்கள்.

அந்த லேப் கணக்கில் 20-க்குக் கீழ் நெகட்டிவ். எனக்கு 214. எல்லையைப் போல மூன்று மடங்கு தாண்டினாலே அதிகப் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்வார்களாம். வலி தொடங்கப் பல வருடம் முன்பே இந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். அப்புறம், "புகை பிடிக்கிறவங்க வீட்டில இருக்காங்களா? ஈறில் ரத்தம் வருமா?" என்று கேட்டார். விரல் வலிக்கு ஈறா என்று சிரிப்பு வந்தது. ஈறு நோய்க் கிருமி ஒன்றிடமும் ஆர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றும் நொதி உண்டாம். பல் டாக்டரைப் பத்து வருடமாகத் தள்ளிப்போட்டவள் நான், சிரிப்பு நின்றுவிட்டது.

முடக்குவாதத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒரு நாள்தான். மருந்துக்கடைக்காரர் கவரில் 'தினமும்' என்று எழுதியிருந்தார். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டை வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் விழுங்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்து, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க சிஆர்பி எழுதினார்கள். அதே லேப். பில்லை வாங்கிப் பார்த்தேன்: சிசிபி என்று போட்டிருந்தது. பணம் கட்டும் முன்பே திருப்பிக் கொடுத்தேன்.