ஆயுள் சந்தா என்னும் கடன்

உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஒரு சிறிய சகோதர சங்கத்தின் கணக்கு கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது வங்கி இருப்பை அல்ல, ஆயுள் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்பதைத்தான்.

ஆண்டுச் சந்தாவைப் போலப் பத்து மடங்கை ஒரே தடவையில் வாங்கி ஆயுள் உறுப்பினர் ஆக்கிவிடுகிறார்கள். அந்த வருடம் பணம் புரளும். அதை 5 சதவீத வட்டிக்குப் போட்டாலும் வருடத்துக்குக் கிடைப்பது சந்தாவில் பாதிதான். பெரும்பாலும் போடுவதே இல்லை. கூரை ஒழுகியது, விழா வந்தது என்று கரைந்துவிடும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் சுமார் 12 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். உறுப்பினரோ இன்னும் 40 ஆண்டுகள் நன்றாக இருப்பார். இருக்கட்டும், அதுதானே நம் ஆசையும்!

பின்னால் வரும் செலவை எண்ணாமல் வசூலிப்பது பழைய கதைதான். 1868-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஏன்சியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் வொர்க்மென்' சங்கத்தில் ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போட்டுக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். வயது வித்தியாசம் பார்க்கவில்லை. இந்த முறையில் நடந்த சங்கங்களில் உறுப்பினர்களுக்கு வயது ஏற ஏற இறப்பும் வசூலும் கூடின, இளைஞர்கள் சேரத் தயங்கினார்கள். வயதுக்கேற்ற சந்தாவும் பிற்காலத்துக்கென ஒதுக்கும் இருப்பு நிதியும் அதற்கப்புறம்தான் பரவின.

சரி, ஆயுள் சந்தா வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் தனிக் கணக்கில் போடுங்கள். பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் அசலைத் தொடக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிடுங்கள், இப்போதைய பொருளாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.