பத்தில் ஒரு வினாடி

1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தின்மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்ததை நினைக்கும்போதெல்லாம், நிரல் எழுதுபவன் என்ற முறையில் என் மனம் கனக்கிறது. அதைத் தடுத்திருக்க வேண்டிய பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பின் கணினி, நேரத்தைப் பத்தில் ஒரு வினாடி வீதம் எண்ணியது; அந்தப் பத்தில் ஒரு வினாடியை 24 பிட்டுகளுக்குள், அதாவது 0, 1 என்ற 24 இலக்கங்களுக்குள், அடக்கியது. இரும எண்முறையில் அந்தப் பின்னம் முடிவின்றி நீளும் என்பதால் அதன் வால் வெட்டப்பட்டது. வெட்டுண்டது ஏறத்தாழ வினாடியின் கோடியில் ஒரு பங்குதான். ஆயினும், 100 மணி நேரம் இடைவிடாது ஓடியதில் அது சிறுகச் சிறுகச் சேர்ந்து 0.34 வினாடியாயிற்று, அந்நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். ரேடார் தவறான இடத்தில் தேடியது. எதிர்ப்பு ஏவுகணை ஏவப்படவே இல்லை. கணினியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கியிருந்தாலே பிழை நீங்கியிருக்கும். திருத்தப்பட்ட மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.