பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலம் பற்றி ஓர் ஆய்வை நடத்தி முடித்த அனுபவம்

சமுதாய மருத்துவத்தில் முதுகலை பயிலும் ஒவ்வொருவரும் ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பித்தாக வேண்டும். காவிரிப் படுகையில் உள்ள ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவ மாணவியர் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு நேரம் ஓடி ஆடுகிறார்கள், உடம்புக்கு முடியாதபோது யாரிடம் போகிறார்கள், போக விடாமல் தடுப்பது எது என்பதை நான் எடுத்துக்கொண்டேன். இதே வழியில் இறங்கப்போகும் மருத்துவ, செவிலிய, சமூகப்பணி மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

பொருளைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. 2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. திட்டங்கள் இல்லாமல் இல்லை. 10 முதல் 19 வயதினருக்கென ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 2014 ஜனவரியில் தொடங்கப்பட்டது. வாரம் ஒரு நீல நிற மாத்திரை, அதில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், குடற்புழு நீக்க அல்பெண்டசோல் தரப்படுகிறது. பள்ளி வரை வந்துசேரும் மாத்திரை பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறதா, வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனை மையம் என்ற பலகையைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் உள்ளே நுழைகிறார்கள் என்பதுதான் எனக்குள் இருந்த கேள்வி.

ஆய்வு முன்மொழிவை எழுதுவது அவ்வளவு கடினமில்லை. ஒரே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பல வகையில் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால், வழக்கமான சூத்திரத்தில் வரும் மாதிரி எண்ணிக்கையை, அதாவது எத்தனை பிள்ளைகளிடம் கேட்க வேண்டும் என்பதை, இந்த ஒற்றுமையால் வரும் கொத்து விளைவுக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ள வேண்டும். புள்ளியியல் ஆசிரியர் ஒருவர் உடனிருந்தால் இது ஒரு மாலை வேலை. வினாக்களுக்கும் அடிப்படை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் பள்ளி மாணவர்களுக்கென வகுத்த வினாத்தாள், மாணவரே பெயர் எழுதாமல் நிரப்பும் வகையில் அமைந்தது. அதன் போக்கைப் பின்பற்றி, கடந்த 30 நாள்களில் என்ன செய்தாய் என்றே பெரும்பாலான கேள்விகளை அமைத்தேன்.

மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுதான் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 18 வயதுக்குட்பட்டவர் ஆய்வில் பங்கேற்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதோடு 12 வயதைக் கடந்த பிள்ளையிடம் எழுத்து வடிவில் தனியாக இசைவும் பெற வேண்டும். பெற்றோர் சரி என்று கையெழுத்திட்ட பிறகும் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பன்னிரண்டாம் வகுப்பில் 18 நிரம்பியவர்கள் தமக்குத் தாமே ஒப்புதல் தரலாம் என்பதால், ஒரே வகுப்பறைக்கு இரண்டு வகைப் படிவங்கள் தேவைப்பட்டன.

குழுவில் இருந்த சட்ட அறிஞர் கேட்ட கேள்வியை இப்போதும் நன்றியோடு நினைக்கிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று வினாத்தாளில் கேட்கிறீர்கள். ஒரு பிள்ளை ஆம் என்று எழுதினால், பெயரில்லாத தாளை வைத்துக்கொண்டு யாரைத் தேடிப் போவீர்கள் என்றார் அவர். அந்தக் கேள்வியை நீக்கிவிட்டால் ஒப்புதல் எளிதாகக் கிடைத்திருக்கும். ஆனால் கேட்காமல் விடுவது பிள்ளைக்குச் செய்யும் பாதுகாப்பு அல்ல என்பதில் என் வழிகாட்டிப் பேராசிரியர் உறுதியாக இருந்தார். எனவே வினாத்தாளோடு ஒரு சிறு துண்டுச் சீட்டையும் சேர்த்தோம். ‘ஒருவரோடு தனியாகப் பேச விரும்புகிறேன்’ என்ற வரியும், விரும்பினால் பெயரும் வகுப்பும் எழுத இடமும் அதில் இருந்தன. பேச விரும்புகிறவர்களும் விரும்பாதவர்களும் என எல்லோரும் அதை மடித்துத் தனிப் பெட்டியில் போட வேண்டும் என்று வைத்ததால், யார் எழுதினார்கள், யார் வெறுமையாகப் போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் அன்றே பள்ளியில் இருப்பார். எல்லோருடைய கையிலும் 14416 (மனநல உதவி), 1098 (குழந்தைகள் உதவி), 104 (மருத்துவ ஆலோசனை) ஆகிய தொலைபேசி எண்கள் அச்சிட்ட அட்டை ஒன்று இருக்கும். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால் அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்கும் கடமை எங்களுக்கு உண்டு என்பதால், ஆலோசகரிடம் சொல்வது எதுவரை இரகசியமாக இருக்கும் என்பதையும் முன்கூட்டியே பிள்ளைகளுக்கு விளக்கினோம். அந்த ஏற்பாட்டுக்குக் குழு ஒப்புதல் தந்தது.

அடுத்து அனுமதிகள். முதன்மைக் கல்வி அலுவலர், பிறகு தலைமை ஆசிரியர், பிறகு பள்ளி மேலாண்மைக் குழு, பிறகு பெற்றோர் என்று வரிசையாகப் போக வேண்டும். ஆய்வுக்கு உரிய பிள்ளையின் இசைவு அந்த வரிசையின் கடைசியில் வருகிறது. அலுவலகங்களில் அனுமதிக் கடிதம் தாமதமானபோது ஏற்பட்ட அயர்வைவிட, வீடுகளிலிருந்து படிவங்கள் திரும்பாமல் இருந்ததே எனக்குக் கவலை தந்தது. விசாரித்தபோது காரணம் புரிந்தது. கையெழுத்து என்றாலே அந்த ஊர்த் தாய்மார்களுக்குக் குழுக் கடன்தான் நினைவுக்கு வருகிறது. தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டால் நாளை யார் வந்து வாசலில் நிற்பார்கள் என்ற அச்சம் நியாயமானது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரான ஒரு தாய் முன்னின்று, வேலை முடிந்து வரும் நேரத்தில் ஒவ்வொரு தெருவிலும் பெண்களைக் கூட்டிவைத்தார். படிவத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், எங்கள் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் கைநாட்டு வைத்தார்கள். “ஊசி போடுவீங்களா, ரத்தம் நிறைய எடுப்பீங்களா டாக்டரம்மா?” என்பதே எல்லோரும் கேட்ட கேள்வி. விரல் நுனியில் ஒரு துளி என்று குத்தும் சிறு ஊசியின் முனையையே எடுத்துக் காட்டிய பிறகுதான் முகங்கள் தெளிந்தன.

வினாத்தாளை முதலில் மாதிரியில் சேராத வேறொரு பள்ளியில் சோதித்துப் பார்த்தோம். ஆசிரியர் வாசற்படியில் நின்ற வகுப்பில் புகையிலை பற்றிய பக்கம் பல தாள்களில் வெறுமையாக வந்தது. அவர் இல்லாத வகுப்பில் நிரம்பி வந்தது. 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகச் சொல்கிறது. கல்விக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கக்கூடாது, 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்கவே கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அப்படியிருக்க, ஆசிரியரின் கண் முன்னால் எந்தப் பிள்ளை உண்மையை எழுதும்? ஆய்வு நாளன்று ஆசிரியர்களை ஓய்வறையில் இருக்குமாறு கேட்டுக்கொண்டோம். பிள்ளைகளை ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கையில் அமர்த்தி, எல்லோருக்கும் ஒரே மாதிரியான நீல மைப் பேனா கொடுத்து, நிரப்பிய தாளை அவர்களே பூட்டிய பெட்டிக்குள் போடச் செய்தோம். பெட்டியை அவர்கள் முன்னாலேயே நாடா ஒட்டி மூடிய பிறகு வகுப்பில் ஒரு பேச்சுச் சத்தம் எழுந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சு அது என்று எனக்குப் பட்டது.

இரத்தப் பரிசோதனைக்குத் தனி அறை. மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாகத் திரண்டு வரும் அடுத்த துளியை எடுக்க வேண்டும். விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் அளவு குறைவாகக் காட்டும். அந்த அளவு பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழும், 15 வயது நிறைந்த ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும் இருந்தால் இரத்தசோகை. எட்டுக்கும் கீழே போனால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முடிவை மடித்த சீட்டில் பிள்ளையின் கையில்தான் கொடுத்தோம். வகுப்பாசிரியர் ஒருவர் முழுப் பட்டியலையும் கேட்டார். அவருடைய அக்கறையில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. இருந்தாலும் அது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உரியது என்று பணிவாகச் சொல்லி மறுத்தேன்.

தாள்களைப் பிரித்துப் படிக்கத் தொடங்கியபோது, பழக்கம் என்று நாங்கள் தலைப்பிட்டிருந்தவற்றில் பாதி பழக்கமே அல்ல என்று தெரிந்தது. பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் நீல மாத்திரையைப் பையின் பக்கவாட்டு அறையில் போட்டுவிடுகிறார்கள். இதை அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் விழுங்க வேண்டும்; வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், வயிறு வலிக்கும். 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலை டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஒரு டம்ளர் டீயோடு ஓடிவரும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு, மாத்திரை தரும் வேளையில் வயிற்றில் ஒன்றும் இருப்பதில்லை. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பெண்களும் அப்படித்தான். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையைத் தவிர்ப்பதற்காகத் தாகத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீரின் நன்மை பற்றி வகுப்பெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மருத்துவமனைக்குப் போகாததற்கான காரணங்களில் தூரத்தை எழுதியவர்கள் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையம் அவர்கள் ஏறும் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் புறநோயாளிப் பிரிவு நடக்கும் நேரம் பள்ளி நடக்கும் நேரம். பென்சான்ஸ்கியும் தாமஸும் 1981இல் சிகிச்சை அணுகலை ஐந்து கூறுகளாகப் பிரித்துக் காட்டியபோது, சேவை நடக்கும் நேரமும் முறையும் மக்களின் வாழ்க்கைக்கு இசைகிறதா என்பதையும், போகிறவர் மனம் அதை ஏற்கிறதா என்பதையும் தனித்தனியே வைத்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டுமே அடைபட்டிருந்தன. சீட்டு எழுதும் இடத்தில் ‘என்ன தொந்தரவு’ என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்கிறார்கள்; வரிசையில் நிற்பவர் பக்கத்துத் தெரு அத்தையாக இருக்கிறார். மாதவிடாய் வலிக்கு என்று அங்கே எந்தப் பெண் சொல்வாள்? மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொள்வது அவளுக்கு எளிது. ஆய்வுக்காக நான் கடந்த வாசல்கள்தாம், பெற்றோரின் சம்மதம், ஆசிரியரின் பார்வை, அலுவலக நேரம் என, ஒவ்வொன்றாக அவள் முன்னாலும் நிற்கின்றன. எனக்குக் கடிதமும் முத்திரையும் துணை இருந்தன. அவளுக்கு அவை இல்லை.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததோடு என் கடமை முடிந்ததாக நான் கருதவில்லை. எந்தப் பள்ளியும் அடையாளம் தெரியாதபடி முடிவுகளைத் தொகுத்து, இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாக மேலாண்மைக் குழுக்களிலும் சுகாதார நிலையத்திலும் கொடுத்தேன். அங்குள்ள மருத்துவ அலுவலர், சீட்டு எழுதும் இடத்தில் காரணம் கேட்பதை நிறுத்தச் சொன்னார். வளரிளம் பருவத்தினர் நேராகச் செவிலியரிடம் போகலாம் என்றார். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பினருக்கு மாத்திரையை மதிய இடைவேளையில், கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்ட பின் தர ஒரு பள்ளி ஒப்புக்கொண்டது. கழிப்பறைத் தாழ்ப்பாளை மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் கேட்டு வாங்கினார்கள்.

பள்ளியில் நடத்தும் ஆய்வு, பள்ளிக்கு வரும் பிள்ளைகளை மட்டுமே எண்ணுகிறது. பத்தாம் வகுப்போடு நின்று மேற்கு மாவட்டங்களின் நூற்பாலை விடுதிகளுக்குப் போன பெண்கள் என் தாள்களில் இல்லை; அவர்களுக்கு நீல மாத்திரை யார் கையால் போகிறது என்ற கேள்வியும் இல்லை. அவர்களைப் பற்றிய அடுத்த முன்மொழிவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊரில் இருக்கும் பெற்றோரின் ஒப்புதலைக் கிராம சுகாதாரச் செவிலியர் வழியாகப் பெறலாமா, விடுதிக் காப்பாளர் இல்லாத இடத்தில் பெண்ணிடம் பேச ஆலை நிர்வாகம் எழுத்தில் உறுதி தருமா என்று நெறிமுறைக் குழு கேட்டிருக்கிறது. முதல் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன். இரண்டாவதற்காக நிர்வாகங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.